மூன்று வீதத்துக்குள் என் தம்பி

வெள்ளிக்கிழமைகளில் இரவுச் சாப்பாடு முடியும்வரை என் தம்பியிடம் நாங்கள் வேறு பேச்சு எதுவும் எடுப்பதில்லை. அன்று இலங்கை அரசாங்கத்தின் வர்த்தமானி வெளிவரும் நாள். முன்பு நான் அலுவலகத்திலிருந்து பிரதி எடுத்து வருவேன். இப்போது தொலைபேசியில் அவனே இறக்கிக்கொள்கிறான். அரசாங்க வேலை விளம்பரங்களை ஒன்றுவிடாமல் வாசித்து, அப்பியாசக் கொப்பியில் நான்கு நிரல்களாக எழுதுவான்: பதவி, திணைக்களம், தகைமை, விண்ணப்ப முடிவுத் திகதி. 2015இல் தொடங்கிய பழக்கம். இன்றுவரை 11 கொப்பிகள் ஆகியிருக்கின்றன. வேலை தேடும் பிள்ளைகள் எங்கள் படலைக்கு வந்து, "அண்ணா, இந்தக் கிழமை எங்களுக்கு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பார்கள். அவன் நிமிர்ந்து பார்க்க மாட்டான். ஆனால் கேட்டவருடைய தகைமைக்கு எது பொருந்தும் என்பதைத் திகதியோடு சொல்லிவிடுவான். அப்படி அவன் சொல்லி விண்ணப்பித்து, இன்று அரச சேவையில் இருப்பவர்கள் நான்கு பேரை எனக்குத் தெரியும்.

அவனுக்கு 28 வயது. ஓட்டிசம் உள்ளவன். வேலை இல்லை.

நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தராக இருக்கிறேன். எங்கள் வீடு களுவாஞ்சிக்குடிக்குத் தெற்கே, எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் இடையில் உள்ள அந்த ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது. அரசாங்கக் கதிரையின் இந்தப் பக்கமும் எனக்குத் தெரியும். விண்ணப்பத்தோடு வாசலில் நிற்கும் அந்தப் பக்கமும் தெரியும். இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

தம்பியின் நிலைமைக்குப் பெயர் கிடைக்க அவனுக்கு 11 வயதாகிவிட்டது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கிழக்கில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு அது உடனே விளங்கும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது அவனுக்கு ஏழு வயது. அதற்கு முன்பே அவன் அதிகம் பேசாதவன், கூப்பிட்டால் திரும்பாதவன், ஒரே சட்டையைத்தான் போடுவேன் என்று அழுகிறவன். ஆனால் கடல் வந்துபோன பிறகு பார்த்தவர்கள் எல்லோரும் "பிள்ளை பயந்துபோய்விட்டது" என்றார்கள். நாங்களும் அதை நம்பினோம். யுத்தமும் கடலும் எங்கள் பகுதியில் எல்லாப் பிள்ளைகளின் மௌனத்துக்கும் விளக்கமாகிவிட்டிருந்தன. நூல் கட்டினோம், நேர்த்தி வைத்தோம், காத்திருந்தோம். பயம் தெளிந்துவிடும் என்று காத்திருந்த நான்கு ஆண்டுகளை அவனுக்கு இனி யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. இலங்கையில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வு, 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் என்ற கணக்கைச் சொன்னது. அந்தக் கணக்கைப் பின்னாளில் வாசித்தபோது, என்னோடு பள்ளிக்கூடத்தில் இருந்து, பிறகு "குழப்படி" என்றும் "விசர்" என்றும் பெயர் வாங்கி வீட்டோடு நின்றுவிட்ட பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

ஏன் அரசாங்க வேலை என்று கேட்பவர்களுக்கு எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் செய்து வைப்பார்கள். ஆண் பிள்ளை கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போவான். அதனால் கலியாணம் முடிக்காத ஆண் பிள்ளைக்கு இந்த முறையில் தனக்கென்று ஒரு கூரை இல்லை. தம்பி இருப்பது என் பெயரில் எழுதிய வீட்டில். என் கணவர் நல்லவர். ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் அம்மா இரவில் விளக்கை அணைத்த பிறகு, "எனக்குப் பிறகு, உனக்கும் பிறகு, அவன் யாருடைய திண்ணையில் இருப்பான் மகள்?" என்று கேட்பதை நிறுத்தியதில்லை. கடையில் நின்றால் முதலாளி மாறுவார். மேசன் வேலைக்குப் போனால் மழைக்காலத்தில் வேலை நிற்கும். மாதம் தவறாமல் வரும் சம்பளமும், யார் மேலாளராக வந்தாலும் மாறாத நடைமுறையும் அரசாங்கத்தில்தான் இருக்கின்றன. நடைமுறை மாறினால் நிலைகுலைந்துபோகும் ஒரு மனிதனுக்கு அது எவ்வளவு பெரிய விடயம் என்பதை அவனோடு வாழ்கிறவர்களிடம் கேட்க வேண்டும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அவனுக்கு ஒரு நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. அலுவலக உதவியாளர் பதவி. எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் ஆறு பாடங்கள் சித்தி, தமிழுக்கும் கணிதத்துக்கும் திறமைச் சித்தி. தகைமையில் குறை எதுவும் இல்லை. இரண்டு கிழமைகள் பழக்கினோம். கதவைத் தட்டுவது, வணக்கம் சொல்வது, இருக்கச் சொன்ன பிறகு இருப்பது. நான் மாமரத்தடியில் மேசை போட்டு நேர்முகச் சபையாக இருந்தேன். என் மகள் இன்னோர் உத்தியோகத்தராக இருந்தாள்.

அன்று சபையில் மூன்று பேர். கேள்விகளுக்கு முன் மூலச் சான்றிதழ்களை வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். கையிலிருந்து கைக்குப் போய் வந்ததில் அவை ஒழுங்கு மாறிவிட்டன. பிறப்புச் சான்றிதழ் அடியில், விடுகைப் பத்திரம் மேலே, நற்சான்றிதழ் தலைகீழாக. தம்பி எழுந்தான். மேசையைச் சுற்றி அவர்களுடைய பக்கத்துக்குப் போனான். ஒன்றும் சொல்லாமல் சான்றிதழ்களைத் திகதி வரிசைப்படி அடுக்கினான். ஓரங்களைத் தட்டிச் சமப்படுத்தி வைத்துவிட்டுத் திரும்பி வந்து இருந்தான். அதன் பிறகு அவர்கள் கேட்ட கேள்விகள் குறைவு. அந்தச் சபையில் இருந்த ஒருவரைப் பல மாதங்கள் கழித்து ஒரு கலியாண வீட்டில் கண்டேன். மனம் வருந்தித்தான் சொன்னார்: "பிள்ளை கெட்டிக்காரன் தங்கச்சி. ஆனால் சபைக்கு முன்னால் பழகத் தெரியவில்லையே. முகத்தைப் பார்த்துக் கதைக்கவும் இல்லை."

காகிதங்களை ஒழுங்காக வைப்பதற்கு ஓர் ஆள் தேடித்தான் அந்தச் சபை கூடியிருந்தது. அவன் அந்த அறையில் செய்தது அந்த வேலையைத்தான். அதைக் காண்பதற்கு அவர்களுடைய புள்ளித் தாளில் இடம் இருக்கவில்லை. வீடு திரும்பும் பஸ்ஸில் அவன் என்னிடம் சொன்னது ஒரே வசனம்: "ஒழுங்கு குலைந்திருந்தது அக்கா, சரியாக வைத்துவிட்டேன்."

அந்தச் சபையில் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. நானும் அப்படிப்பட்ட அறைகளில் குறிப்பெடுத்திருக்கிறேன். ஒரு நாளில் 60 பேரைப் பார்க்க வேண்டும். தலைக்குச் சில நிமிடங்கள். அந்த நிமிடங்களில் நாங்கள் அளப்பது ஒருவர் அந்நியருக்கு முன்னால் எவ்வளவு தைரியமாக, முகம் பார்த்து, சிரித்துப் பேசுகிறார் என்பதைத்தான். பதிவறையில் கோவை தேடுவதற்கு அந்தத் திறமை எதற்கு என்ற கேள்வி எனக்கே தம்பியின் அக்காவாக வெளியில் காத்திருந்த அன்றுதான் வந்தது.

இந்த நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1988ஆம் ஆண்டின் பொது நிருவாகச் சுற்றறிக்கை, இலக்கம் 27/88, அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் வெற்றிடங்களில் மூன்று வீதம் இயலாமை உள்ளவர்களால் நிரப்பப்பட வேண்டும் என்கிறது. நான் பாலர் வகுப்புக்கும் போகாத காலத்தில் வந்த சுற்றறிக்கை அது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணமாகக் காட்டி வேலைவாய்ப்பில் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. 2016 பெப்ரவரியில் இலங்கை ஐக்கிய நாடுகளின் இயலாமையுடைய ஆட்களின் உரிமைகள் பற்றிய சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 27ஆம் உறுப்புரை, அரச துறையில் அவர்களை வேலைக்கு அமர்த்துவது அரசின் கடமை என்று நேரடியாகவே சொல்கிறது.

ஆனால் இவற்றை ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக வைத்து வாசித்தால், என் தம்பி எந்த இடத்தில் விழுகிறான் என்பது தெரியும். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரைவிலக்கணப்படி, உடல் அல்லது உளத் திறனில் உள்ள குறைபாட்டினால் தன் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தானே பார்த்துக்கொள்ள இயலாதவர்தான் இயலாமை உள்ளவர். சுற்றறிக்கையோ, தேவையான தகைமை இருக்க வேண்டும், இயலாமை கடமைக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்கிறது. கணக்கில் சேர வேண்டுமென்றால் இயலாதவன் என்று நிரூபிக்க வேண்டும். வேலைக்கு எடுபட வேண்டுமென்றால் இயன்றவன் என்று நிரூபிக்க வேண்டும். கால் இழந்த ஒருவர் இந்த இரண்டையும் ஒரே நாளில் காட்டிவிடலாம்: நடக்க முடியாது, கணக்கு எழுத முடியும். கண்ணுக்குத் தெரிகிற இயலாமைக்கு அது பொருந்துகிறது. ஓட்டிசம் உள்ளவனுடைய இடைஞ்சல், வேலை செய்யும் மேசையில் இல்லை. அந்த மேசைக்குப் போகும் வழியில், பேச்சில், பார்வையில், நேர்முக அறையில் இருக்கிறது. கடமைக்கு இடைஞ்சலா என்று தீர்மானிக்கும் இடமும் அந்த நேர்முக அறைதான்.

விண்ணப்பப் படிவங்களிலும் இதைக் காணலாம். தம்பி நிரப்பிய பல படிவங்களில் இயலாமைக்குக் கீழே பார்வை, செவிப்புலன், அவயவங்கள் என்று கட்டங்கள் இருந்தன. கடைசியில் ஒரு கட்டம்: "வேறு". எங்கள் பகுதிச் சமூக சேவை உத்தியோகத்தர் அக்கறையோடுதான் சொன்னார், "வேறு என்பதில் புள்ளடி போடுங்கள், பிரச்சினை வராது" என்று. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பிலும் பார்த்தல், கேட்டல், நடத்தல், ஞாபகமும் கவனமும், தன்னைப் பராமரித்தல், தொடர்பாடல் என்ற சிரமங்களைக் கேட்டார்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோருக்கு ஏதோவொரு சிரமம் என்று வந்தது. அந்தக் கணக்குக்குள் ஓட்டிசம் உள்ளவர்கள் எங்கேயோ கலந்திருக்கிறார்கள். தனியாக எண்ணப்படாதவர்களுக்கு மூன்று வீதத்தில் எவ்வளவு பங்கு என்று யாரிடம் கேட்பது?

இந்தியா 2016இல் தன் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது இந்த இடத்தைக் கவனித்தது. மத்திய அரசின் பழைய சட்டத்தில் மூன்று வீதம் இருந்தது, ஓட்டிசம் இல்லை. புதிய சட்டத்தில் நான்கு வீதம். அந்த நான்காவது வீதத்துக்குள் ஓட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, உளநோய் ஆகியவை பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டன. பெயர் வந்ததால் மட்டும் வேலை வந்துவிடாது என்று அங்குள்ள பெற்றோரும் சொல்வார்கள். ஆனாலும் பெயர் இருந்தால் வழக்காடலாம். "வேறு" என்ற கட்டத்தை வைத்து யாரும் வழக்காட முடியாது.

அமெரிக்க மத்திய அரசில் இருக்கும் ஏற்பாடு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அங்கே அட்டவணை ஏ என்று ஒரு வழி உண்டு. அறிவுசார், உளவியல் அல்லது கடும் உடல் இயலாமை உள்ள ஒருவரை, அதற்கான சான்றோடு வந்தால், வழக்கமான போட்டிக்குள் தள்ளாமலே நேரடியாக நியமிக்கலாம். அவர் வேலையைச் செய்து காட்ட வேண்டும். இரண்டு ஆண்டுகள் திருப்தியாகச் செய்தால் நிரந்தரமாக்கலாம். 2017 ஜனவரியில் வந்த விதி ஒன்று, அரச நிறுவனங்களின் பணியாளர்களில் 12 வீதம் இயலாமை உள்ளவர்கள் என்ற இலக்கை வைத்தது. கூடுதலாகப் புறக்கணிக்கப்படும் இயலாமைகளுக்கு அதில் தனியாக இரண்டு வீதம். ஓட்டிசம் அந்த இரண்டுக்குள் வருகிறது. அந்த நாட்டைப் புகழ்வதற்காக இதை நான் எழுதவில்லை. பரீட்சை வைக்காமல், சிரித்துப் பேசச் சொல்லாமல், வேலையையே பரீட்சையாக வைக்க ஓர் அரசாங்கத்தால் முடியும் என்பதற்காக எழுதுகிறேன்.

எங்கள் அரசாங்கத்துக்கும் பக்கத்துக் கதவு திறக்கத் தெரியும். 2020இல் பல்நோக்கு அபிவிருத்திச் செயலணியை உருவாக்கி, குறைந்த கல்வித் தகைமையுள்ள வறிய குடும்பத்தவர்களுக்கு ஒரு இலட்சம் வேலை என்று அறிவித்தார்கள். அந்தத் திட்டத்தைப் பற்றி எனக்கு வேறு மனக்குறைகள் உண்டு, அது இப்போது வேண்டாம். போட்டிப் பரீட்சையால் உள்ளே வர முடியாதவர்களுக்கு வேறு வாசல் வைக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணில் புதிதில்லை என்பதைச் சொல்கிறேன்.

எங்கள் அலுவலகப் பதிவறையை நினைத்துப் பார்க்கிறேன். காணி அனுமதிப்பத்திரங்கள், பழைய இடம்பெயர்வுப் பதிவுகள், கடல் கொண்டுபோன வீடுகளுக்கான கோவைகள், வெள்ளத்தில் நனைந்து காய்ந்து ஓரம் சுருண்ட பேரேடுகள். 1990இல் இடம்பெயர்ந்த ஒருவர் தன் காணிக்கு உரிமை கேட்டு வருகிறார் என்றால், அவருடைய வாழ்க்கை அந்த அறையில் ஒரு மட்டையில் இருக்கிறது. அதை எடுத்தவர் திரும்ப அதே இடத்தில் வைக்காவிட்டால் அந்த மனிதர் வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து தோணியும் பஸ்ஸும் பிடித்து நான்கு தடவை வந்து வெறுங்கையோடு போவார். நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த அறைக்கு அனுப்பப்படுவதை எங்களில் பலர் தண்டனையாக நினைக்கிறோம். தூசு, புழுக்கம், பேச்சுத் துணை இல்லை. என் தம்பிக்குப் பேச்சுத் துணை இல்லாத அறைதான் வேண்டும். வைத்தியசாலைகளின் பழைய நோயாளர் பதிவுகள், நூலகத்தின் அடுக்குகள், தபால் பிரிக்கும் மேசை, எல்லாம் இப்படிப்பட்ட இடங்கள்தான்.

அவனை ஓர் அதிசயப் பிள்ளையாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. ஓட்டிசம் என்றதும் பெருக்கலை மனத்தில் செய்பவன், ஒருமுறை பார்த்த நகரத்தை வரைபவன் என்று கதை சொல்கிறார்கள். அந்தக் கதைகளால் எங்களுக்கு நன்மை இல்லை. "உங்கள் தம்பிக்கு என்ன விசேட திறமை?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். என் பக்கத்து மேசைக்காரரிடம் யாரும் அப்படிக் கேட்டு வேலை கொடுக்கவில்லை. கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்வார் என்பது அவருக்குப் போதுமாக இருந்தது. தம்பிக்கும் அது போதும்.

இதைப் பேசும்போது வரும் எதிர்க்கேள்வியை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். 2017இல் மட்டக்களப்புக் காந்தி பூங்காவுக்கு அருகில் வேலையற்ற பட்டதாரிகள் வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். என் மைத்துனியும் அதில் இருந்தாள். படித்த பிள்ளைகளுக்கே வேலை இல்லாத மாவட்டத்தில் இதுவா அவசரம் என்று கேட்கிறார்கள். நான் கேட்பது புதிதாக ஒரு பங்கை இல்லை. 1988இலேயே ஒதுக்கியதாகச் சொன்ன பங்கைத்தான். பட்டதாரியின் கோபத்துக்கு நியாயம் உண்டு. அந்த நியாயத்தைப் பேசுவதற்கு அவர்கள் வீதியில் கூடவும் கோஷம் போடவும் முடிந்தது. சத்தத்தைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்பவன் எந்தச் சத்தியாக்கிரகத்தில் போய் இருப்பான்?

வேலை கிடைப்பது பாதி வழிதான். எங்கள் சேவையில் முன்னேறுவதற்குத் தேற வேண்டிய வினைத்திறமைகாண் தடைதாண்டல் பரீட்சை இருக்கிறது. இரண்டாவது அரசகரும மொழித் தேர்ச்சி இருக்கிறது; 2007 ஜூலை முதல் சேர்ந்தவர்களுக்கு அது கட்டாயம், அதில் வாய்மொழிப் பரீட்சையும் உண்டு. தாய்மொழியிலேயே அந்நியரிடம் பேசத் திணறும் ஒருவன் சிங்களத்தில் உரையாட வேண்டும். எழுத்தில் கேட்டால் எழுதிவிடுவான். அதற்கு இடம் வேண்டும். எல்லாவற்றையும்விட இடமாற்றம். எங்களுக்கு இடமாற்றம் என்றால் பயணச் செலவும் அலைச்சலும். அவனுக்கு அது மறுபடி ஒரு கடல் வந்ததைப்போல. மேசை மாறினால்கூட முதல் நாளே சொல்ல வேண்டும், எழுதிக் காட்ட வேண்டும். எழுத்தில் தெளிவான அறிவுறுத்தல், பொதுமக்கள் கூடும் நாட்களில் பின் அறையில் வேலை, அழைப்பு மணிக்குப் பக்கத்தில் இல்லாத ஒரு மூலை, சந்தேகம் வந்தால் போய்க் கேட்க ஒரே ஒரு ஆள். இவற்றுக்குத் திறைசேரியிலிருந்து பணம் வர வேண்டியதில்லை. ஓர் அலுவலகத் தலைவர் மனம் வைத்தால் ஒரு காலைப்பொழுதில் செய்துவிடலாம். ஆனால் மனம் வைப்பவர் மாற்றலாகிப் போவார். அதனால்தான் இது சுற்றறிக்கையில் எழுதப்பட வேண்டும்.

கிளினிக்கில் தம்பியோடு காத்திருந்த காலத்தில் காத்தான்குடியிலிருந்து ஒரு ராத்தா தன் மகளோடு வருவார். அந்தப் பிள்ளை இன்றுவரை பேசியதில்லை. அவளுக்கு நான் கேட்கும் எந்தச் சுற்றறிக்கையாலும் வேலை வராது. இந்தக் கட்டுரையை முதலில் அந்த ராத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். "உங்கள் தம்பிக்குக் கிடைக்கட்டும் தங்கச்சி. ஆனால் வேலை செய்கிற பிள்ளைதான் நல்ல பிள்ளை என்று எழுதிவிடாதீர்கள்" என்றார். அவருக்கு நான் கொடுத்த வாக்கு இது: வேலை கேட்பது வேலை செய்யக்கூடியவர்களுக்காக. வேலை செய்ய முடியாத பிள்ளையின் சோற்றுக்கும் கூரைக்கும் கௌரவத்துக்கும் அரசாங்கம் பொறுப்பேற்பது இதைவிடப் பெரிய கடன். ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளிவைக்க யாருக்கும் இடம் கொடுக்கக்கூடாது.

சென்ற வெள்ளிக்கிழமைக் கொப்பியில் ஒரு வரியை அவன் சிவப்புப் பேனையால் அடிக்கோடிட்டிருந்தான். நூலகப் பணியாளர் ஒருவர் தேவை. நேற்றிரவு விண்ணப்பத்தை நிரப்பினோம். கடித உறையின் இடப்பக்க மேல் மூலையில் பதவியின் பெயரை அடிமட்டம் வைத்துக் கோடிழுத்து எழுதியிருக்கிறான். எழுத்து ஒன்றுகூடக் கோட்டைத் தாண்டவில்லை. இயலாமை பற்றிய கேள்வி வந்தபோது பேனையை நான் வாங்கிக்கொண்டேன். "வேறு" என்ற கட்டத்துக்குப் புள்ளடி போட்டு, அதன் பக்கத்தில் இருந்த சிறிய வெற்றிடத்தில் "ஓட்டிசம்" என்று எழுதினேன். எழுத்துகள் கட்டத்துக்கு வெளியே போய்விட்டன. தம்பி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அடிமட்டத்தை எடுத்து, நான் எழுதிய சொல்லைச் சுற்றி நான்கு கோடுகள் இழுத்து ஒரு கட்டம் போட்டான்.

இன்று காலை பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு அலுவலகத்துக்கு வந்தேன்.